இன்னொண்ணு அக்கா

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அக்காவுக்குக் காது கேட்காது. டீ வந்தாலும் சரி, மேலாளர் கூப்பிட்டாலும் சரி. செருப்பைக் கழற்றிவிட்டு, மேசைக்கடியில் கிடக்கும் பழைய கணினியின் பொத்தானைக் கால் பெருவிரலால் அமுக்கிக்கொண்டிருப்பார்.

வேலை பார்க்கும் பரிசோதனைக்கூடத்தில் அவருக்கு 'இன்னொண்ணு அக்கா' என்று பெயர். எதைக் காட்டினாலும் "இன்னொண்ணு எங்க?" என்பார். கைப்பையில் இரண்டு மூக்குக்கண்ணாடி, இரண்டு வீட்டுச் சாவி. "புருஷன் விஷயத்துல மட்டும் ஒண்ணோட விட்டாளே, புண்ணியவதி" என்று கணவர் சொல்லிச் சிரிப்பார்.

அங்கிருந்து நாற்பத்தாறு மருத்துவமனைகளுக்கு ரத்தப் பரிசோதனை முடிவுகளை ஒரு மென்பொருள் தானாக அனுப்புகிறது. எந்த முடிவு யாருக்கு, எத்தனை மணிக்கு, எந்தக் கடவுச்சொல்லில் என்பதெல்லாம் அதன் செட்டிங்ஸில் இருக்கிறது. அதற்கு பேக்கப் எடுப்பது ஊர் உலகத்தில் எல்லாரும் செய்வதுதான். அக்கா அதோடு விடமாட்டார். எடுத்ததைப் பழைய கணினியில் ஏற்றி, மென்பொருள் கண் திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஆறிப்போன டீயைத் தொடுவார்.

பட்டுத் தெரிந்துகொண்டது அது. எட்டு வருடங்களுக்கு முன் அந்த மென்பொருள் ஓடும் சர்வர் படுத்தபோது பேக்கப் பத்திரமாக இருந்தது. அதைப் பூட்டிய பாஸ்வேர்டு மட்டும் செத்த சர்வருக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. பதினோரு நாள் மருத்துவமனை மருத்துவமனையாகப் போன் போட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து தட்டினார். "எடுத்து வச்சா ஆச்சா? போட்டுப் பாக்க வேண்டாமா?" என்று அன்று கேட்க ஆரம்பித்தவர் இன்னும் நிறுத்தவில்லை. இப்போது பாஸ்வேர்டு ஓர் உறையில் அவரிடம் இருக்கிறது. இன்னொன்று மேலாளர் அறை பீரோவில்.

புதிதாக வந்த மேலாளருக்கு இதெல்லாம் வெட்டி வேலை. பளபளவென்று புது சர்வர் வாங்கி வைத்த கையோடு, பழைய கணினியின் நெற்றியில் 'கழிவு' என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார். செவ்வாய்க்கிழமை மதியம் லாரி வரும் என்று ஏற்பாடு.

அந்தச் செவ்வாய் காலை ஒன்பது மணிக்குப் புது சர்வர் உயிரை விட்டது. அறுவை சிகிச்சைக்குத் தயாரான நோயாளிகள் அங்கங்கே காத்திருந்தார்கள். முடிவுகளைப் போனில் வாசித்தால் எண் மாறிவிடும் என்று மருத்துவர்கள் ஏற்கவில்லை. சர்வரை விற்ற கம்பெனியோ நாளைக்குத்தான் ஆள் வரும் என்றது. மேலாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அக்கா செருப்பைக் கழற்றினார். போன வெள்ளிக்கிழமை ஏற்றிப் பார்த்த பேக்கப் அப்படியே உள்ளே இருந்தது. உறையிலிருந்த பாஸ்வேர்டைப் போட்டார், ஒயரை மாற்றிச் செருகினார். ஒன்பது நாற்பதுக்கு முதல் முடிவு போய்ச் சேர்ந்தது. பத்து மணிக்குத் திரையில் நாற்பத்தாறு மருத்துவமனைப் பெயர்களுக்கு எதிரிலும் பச்சை விளக்கு. கூடமே கைதட்டியது. எட்டு வருடத்து வெள்ளிக்கிழமைகளில் ஒன்றுகூட வீண்போகவில்லை என்ற பெருமையில் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

அதுவரை அவரை 'மேடம்' என்றே கூப்பிட்டுவந்த மேலாளர் பக்கத்தில் வந்து நின்றார். "இன்னொண்ணு இருந்துச்சு, பொழச்சோம் அக்கா" என்றார்.

மதியம் லாரிக்காரர் வந்து, எதை எடுக்க வேண்டும் என்று கேட்டார். அக்கா குனிந்து, பழைய கணினியிலிருந்த சிவப்பு ஸ்டிக்கரை நகத்தால் மெல்ல உரித்தார். புது சர்வரின் நெற்றியில் ஒட்டி, ஓரம் எழும்பாதபடி கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.