ஏலமலையில் கிடந்த விமானமும் ஞானதுரை அண்ணாச்சியும்

போடியிலிருந்து வரும் பகல் பஸ்ஸின் கண்டக்டர்தான் எனக்குச் செய்தி கொண்டுவந்தார். தேனியில் என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருக்கும் மாடிக்கு ஏறி வந்து வாசலிலேயே நின்றார். "டீச்சர், பித்தளைக் கடை அண்ணாச்சி காலையில தவறிட்டாக. உங்ககிட்டச் சொல்லச் சொன்னாக" என்றார். உள்ளே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்ததால் நான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து இன்னொரு முறை சொன்னார். எனக்கு முதல் முறையே கேட்டுவிட்டது. முந்தின ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போவதாக இருந்தேன். பரீட்சை வேலை என்று தள்ளிப் போட்டிருந்தேன்.

போடி கடைவீதியில் ஞானதுரை அண்ணாச்சியைத் தெரியாதவர்கள் இல்லை. பழைய பித்தளை, செம்பு, அலுமினியம் வாங்கி மதுரைக்கு அனுப்பும் கடை. அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து நடத்தினார்கள், இவர் தம்பி. ஒல்லியான மனிதர். பூட்டிய பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். தந்தி வந்தால் பிரிக்கச் சொல்லி அடுத்த கடைக்காரரிடம் நீட்டுவார். இவ்வளவு பயந்த ஒருவர் அந்தக் காரியத்தில் எப்படி இறங்கினார் என்பதை உங்களில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் ஒருநாள், குரங்கணிப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த காளியப்பன் ஒரு சாக்கில் அலுமினியத் துண்டுகளைக் கொண்டுவந்து கொட்டினார். சட்டி பானைத் தகடு இல்லை. வரிசையாக ஆணி அடித்து, உள்பக்கம் பச்சை வர்ணம் பூசியிருந்தது. ஒரு துண்டில் விரல் அகலத்துக்கு ஒரு சிறு தகடு, அதில் எழுத்தும் எண்ணும் குத்தியிருந்தன. மேலே காட்டுக்குள் ஒரு ஏரோப்ளேன் இரண்டாம் உலகச் சண்டைக் காலத்திலிருந்து கிடக்கிறது என்று காளியப்பன் சாதாரணமாகச் சொன்னார். அண்ணாச்சி அந்தத் துண்டுகளை உருக்குவதற்கு மதுரைக்கு அனுப்பவில்லை. அன்று மதியமே என் இன்ஸ்டிடியூட்டுக்கு வந்தார். அப்போது இன்ஸ்டிடியூட் போடியில்தான் இருந்தது. இந்த எண்ணைப் பற்றி விசாரித்து இங்கிலீஷில் ஒரு கடிதம் அடிக்க வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன். "உள்ள ஆள் இருந்திருப்பாகள்ல" என்றார். அவ்வளவுதான்.

மலைமேல் எஸ்டேட் மேனேஜராக இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் போர்க்காலத்தில் விமானங்களோடு பழகியவர். சீமையில் யாருக்கு எழுத வேண்டும், எதையெல்லாம் பார்த்துக் குறிக்க வேண்டும் என்று அவர் சொல்லிக் கொடுத்தார். அண்ணாச்சி காளியப்பனைக் கூட்டிக்கொண்டு மூன்று முறை மேலே போய்வந்தார். ஒவ்வொரு முறையும் வெடிக்காத குண்டு ஏதாவது கிடக்குமோ என்ற பயத்தில் முதல் நாள் முழுக்கச் சாப்பிடமாட்டார். இறக்கை ஒன்று சோலைக்குள் மரங்களுக்கிடையில் செருகி நின்றதையும், என்ஜின் ஓடையில் பாதி புதைந்து கிடந்ததையும், அதன் பக்கத்தில் ஒரு பூட்ஸின் அடிப்பாகம் மட்டும் இருந்ததையும் வந்து சொன்னார். என்ஜின் எண் கிடைத்துவிட்டதே, போதாதா என்று கேட்டேன். போதாது என்றார். லாரிக்கு என்ஜின் மாற்றுவதுபோல விமானத்துக்கும் மாற்றுவார்களாம். என்ஜினை வைத்து வண்டியைச் சொல்ல முடியாதாம். விமானத்தின் உடம்பில் எழுதிய எண்தான் வேண்டும். கடைசியில் அது காட்டில் கிடைக்கவில்லை. ஏலக்காய் உலர்த்தும் கொட்டகை ஒன்றில் கூரைத் தகடாகக் கிடந்தது. கரி படிந்த தகட்டை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தபோது கறுப்பு மையில் எழுதிய எண் தெரிந்தது. அதன்மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்து வந்தார். அந்தத் தாளை என் மேசையில் விரித்து, சுருளாமல் நான்கு மூலையிலும் கனம் வைத்தார்.

இதற்குள் சேதி பள்ளத்தாக்கு முழுவதும் பரவிவிட்டது. சின்னமனூரிலிருந்து பொன்னுத்தாய் என்ற அம்மாளும் அவர் மகள் கஸ்தூரியும் பஸ் ஏறி வந்தார்கள். பொன்னுத்தாயின் கணவர் முத்துவேல், சண்டைக் காலத்தில் விமானப் பட்டாளத்தில் ஃபிட்டராகச் சேர்ந்தவர். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவரைக் காணவில்லை என்று ஒரு காகிதம் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. கல்கத்தாவில் வேறொருத்தியோடு அவரைப் பார்த்ததாக ஊர்க்காரர் ஒருவர் வந்து சொல்ல, அதுவே ஊர்ப் பேச்சாகிவிட்டது. இப்போது கஸ்தூரிக்குப் பெரியகுளத்தில் ஒரு வரன் வந்திருந்தது. பையனின் அப்பா மட்டும், ஓடிப்போனவன் மகளா என்று தயங்கிக்கொண்டிருந்தார். மலையில் கிடப்பது முத்துவேல் போன விமானம்தான் என்று போடி கடைவீதி ஏற்கெனவே முடிவு கட்டிவிட்டது. அண்ணாச்சி மட்டும், இன்னும் தெரியவில்லை, கடிதம் வரட்டும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் பெரியகுளத்துக்காரர் ஊர்ப் பேச்சையே நம்பி, வெள்ளிக்கிழமை நிச்சயத்துக்கு வருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

பாகிஸ்தானோடு சண்டை முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. விமான எண்ணை எழுதிக்கொண்டு சீமைக்குக் கடிதம் போடுகிறவர் யார் என்று போலீஸ் கேட்டது. ஒரு நாள் காலையில் அண்ணாச்சியைக் கூப்பிட்டு மாலைவரை உட்கார வைத்திருந்தார்கள். எஸ்டேட் மேனேஜர் வந்து சொன்னபிறகு விட்டார்கள். அண்ணாச்சி நேராகக் கடைக்குப் போகாமல் என்னிடம் வந்து, ஒரு செம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்தார். அவருடைய அண்ணன் இனி ஒரு சீமைக் கடிதம் கடைக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். பதில் என் விலாசத்துக்கு வரட்டும் என்று நான்தான் சொன்னேன். எப்படியும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும், ஆகவே பிரித்துப் பார்க்கும்படி அவரும் சொன்னார்.

பதில், நிச்சயத்துக்கு முந்தின சனிக்கிழமை வந்தது. உறுப்புகளின் எண்ணும் உடம்பின் எண்ணும் ஒத்துப்போகின்றன. அது இலங்கையிலிருந்து கோயம்புத்தூர்ப் பக்கம் போகக் கிளம்பி, மழையில் காணாமல் போன விமானம். கடலில் விழுந்ததாகவே இத்தனை காலம் நினைத்திருந்தோம் என்று எழுதியிருந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் நால்வர். நால்வரும் வெளிநாட்டுக்காரர்கள். வேறு பயணிகள் இல்லை.

நான் அந்தக் கடிதத்தைக் கார்பன் தாள் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை தாண்டட்டும் என்று நினைத்தேன். அண்ணாச்சி தினமும் பதினொரு மணிக்கு வந்து கேட்பார். வரவில்லை என்பேன். "தபால்ல தொலைஞ்சிருக்குமோ, டீச்சர்" என்று கவலையோடு திரும்பிப் போவார். அந்த நாட்களில் படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே அந்தப் பெட்டியை மேசைக்கடியில் தள்ளுவேன். நான்காவது நாள் அவர் உட்கார்ந்திருக்கும்போதே தபால்காரர் உள்ளே வந்தார். அண்ணாச்சி அவரிடமே கேட்டார். சீமை லெட்டரை சனிக்கிழமையே டீச்சரிடம் கொடுத்தேனே என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் பெட்டியிலிருந்து கடிதத்தை எடுத்து, தமிழில் சொன்னேன். நான்கு பெயர்களையும் இரண்டு முறை வாசிக்கச் சொல்லி நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டார். வெள்ளிக்கிழமைவரை பொறுங்கள், ஒரு பெண்ணின் வாழ்க்கை என்று கெஞ்சினேன். பொய் சொல்ல வேண்டாம், சும்மா இருந்தால் போதும் என்றேன். அவர் நோட்டை மூடிச் சட்டைப்பையில் வைத்தார்.

"அந்த நாலு பேரு வீட்லயும் ஆள் இருக்கும்ல, டீச்சர். அவுக எடத்துல இவரைப் படுக்க வைக்க நாம யாரு?" என்றார். பிறகு, "எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு. கூட வாரீகளா?" என்று கேட்டார்.

அன்று மதியம் சின்னமனூர் போனோம். வழி முழுவதும் அவர் முன்சீட்டுக் கம்பியை விடவே இல்லை. பொன்னுத்தாய் முற்றத்தில் பருத்தி பிரித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி நின்றபடியே சொன்னார், சுற்றி வளைக்கவில்லை. அது உங்கள் வீட்டுக்காரர் போன விமானம் இல்லை, எண் சரியாக இருக்கிறது, சந்தேகம் இல்லை. பொன்னுத்தாய் கையிலிருந்த பருத்தியைப் பிரித்து முடித்தார். பிறகு அந்த நான்கு பேரும் சின்ன வயதா என்று கேட்டார். அப்படித்தான் இருக்கும் என்றார் இவர்.

"பெரியகுளத்துக்கு நானே ஆள் விட்டுச் சொல்லிருதேன், அண்ணாச்சி. நீங்க மலை ஏறிப் பாத்தீகளே. இத்தனை வருஷத்துல அவரைத் தேடி ஒருத்தரும் எந்திரிச்சுப் போகல" என்றார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது கஸ்தூரி பின்னாலேயே வந்தாள். "ஒரு வாரம் கழிச்சு வந்திருக்கக் கூடாதா?" என்று அவரிடம் கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பெரியகுளத்துக்காரர்கள் வெள்ளிக்கிழமை வரவில்லை. மறுவாரம் பையனின் அப்பா போடிக்கு வந்தார். கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டது என்று தபால்காரர் டீக்கடையில் பேசியது அவர் காதுவரை போயிருந்தது. கடைவீதியில் எல்லோரும் பார்க்க, அண்ணாச்சி கடை முன்னால் நின்று, கடிதம் வந்து நாலு நாள் வாயைத் திறக்காமல் இருந்தது ஏன், சொந்தபந்தத்துக்கெல்லாம் சொன்னபிறகு எங்களை அவமானப்படுத்தவா என்று கத்தினார். நான் அப்போது அண்ணாச்சி கடையின் உள்ளேதான் இருந்தேன். தனியாக இன்ஸ்டிடியூட் நடத்துகிற பெண், பிறர் கடிதத்தை ஒளித்தாள் என்று பேர் வந்தால் யார் பிள்ளைகளை அனுப்புவார்கள் என்ற பயத்தில் உள்ளேயே நின்றுவிட்டேன். தந்தியைப் பிரிக்கப் பயப்படும் அந்த மனிதர் படியிறங்கித் தெருவில் போய் நின்றார். "என் தப்புதான். எனக்குப் பயமா இருந்துச்சு, சொல்லல" என்றார். உள்ளே திரும்பி என்னை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

அதன்பிறகு ஏழெட்டு மாதம் அவர் முகத்தில் விழிக்க எனக்குத் துணிவில்லை. அவர்தான் வந்தார். ஒரு கடித வரைவை மேசையில் வைத்தார். இந்தமுறை விமானத்தைப் பற்றியது இல்லை, முத்துவேலைப் பற்றியது. அவர் காணாமல் போன வருடம் திரும்பி வராத விமானங்கள் எவை, அவற்றில் ஃபிட்டர்கள் யார் யார் போனார்கள் என்ற விசாரணை. எத்தனை கடிதம் அடித்தேன் என்று எனக்கு நினைவில்லை. "தெரியவில்லை" என்ற பதில்கள்தான் வந்துகொண்டிருந்தன. இடையில் அந்த நால்வரில் ஒருவரின் தங்கை எழுதினார். அவர் கேட்டபடி அண்ணாச்சியும் காளியப்பனும் ஓடைக்கரையில் கல் அடுக்கி, ஜெபம் செய்துவிட்டு வந்தார்கள். வருசநாட்டு மலையில் வேறொரு விமான உடைசலையும் அண்ணாச்சி போய்ப் பார்த்தார். அது என்ன விமானம் என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. யூகித்துச் சொல்லுங்களேன் என்று ஒரு பத்திரிகைக்காரர் கேட்டதற்கு, தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

எழுபதுகளில் ஒரு கோடைக்காலத்தில் அந்தப் பதில் வந்தது. கிழக்கே பர்மா எல்லைக்கு உதிரிப் பாகங்கள் ஏற்றிக்கொண்டு போன ஒரு விமானம் போய்ச் சேரவில்லை. அதில் போனவர்கள் பட்டியலில் முத்துவேலின் பெயர் 'முட்டுவாலி' என்று படிக்கும்படி தப்பாக எழுதப்பட்டிருந்தது. ஊரும் பட்டாள எண்ணும் சரியாக இருந்தன. அந்தப் பெயர்ப் பிழையால்தான் இத்தனை வருடம் யாருக்கும் அவர் அகப்படவில்லை.

அண்ணாச்சிக்கு மகிழ்ச்சி வரவில்லை. பஸ்ஸில் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "இதைச் சொன்னா அந்தம்மா பூவும் பொட்டும் போயிருமே, டீச்சர். நம்மதான பறிக்கப் போறோம்?" சின்னமனூருக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டார், நானும் இறங்கினேன். வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நடந்தார்.

பொன்னுத்தாய் கடிதத்தில் பெயர் இருக்கும் இடத்தைக் காட்டச் சொன்னார். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டே இருந்தார். "அவர் இல்லைங்கிறது எனக்கு எப்பவோ தெரியும். ஓடிப்போகலைன்னுதான் தெரிய வேண்டியிருந்துச்சு" என்றார். நெற்றிப் பொட்டை அவர் அழிக்கவில்லை. அதைக் கேட்க அந்தத் தெருவில் யாரும் துணியவும் இல்லை.

கஸ்தூரிக்கு அதற்குள் உத்தமபாளையத்தில் கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருந்தது. அப்பாவைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் கட்டிக்கொண்டவர் அவள் கணவர். கடிதத்துக்கு ஒரு நகல் டைப் அடித்துக் கொடுக்கும்படியும், அப்பா பெயரை மட்டும் திருத்தி அடிக்கும்படியும் வந்து கேட்டாள். நான் சம்மதித்தேன். அண்ணாச்சி, இருப்பது இருக்கிறபடியே இருக்கட்டும், அடியில் நாம் சரியான பெயரை எழுதிக் கையெழுத்துப் போடலாம் என்றார். அப்படியே செய்தோம். பஸ் நிறுத்தத்தில் தான் கேட்ட கேள்விக்காக அவள் அன்று மன்னிப்புக் கேட்டாள். அண்ணாச்சி, அது நியாயமான கேள்விதான் என்றார். அப்போதும் நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

உங்களில் சிலர் இன்றும் அவரைப் பற்றி நல்லவிதமாகப் பேசிவிட்டு, அந்த நாலு நாள் மட்டும் அண்ணாச்சி பயந்துவிட்டார் என்று முடிக்கிறீர்கள். அடக்கத்தன்று சர்ச் வாசலிலும் ஒருவர் சொன்னார். அந்த நாலு நாளும் கடிதம் வந்ததே அவருக்குத் தெரியாது. ஒளித்து வைத்தவள் நான். பயந்தவளும் நான். கஸ்தூரி இதைப் படிப்பாள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். எழுதும்போதும் பயமாகத்தான் இருக்கிறது. பயம் போகட்டும், பிறகு போகலாம் என்று அவர் எந்த வீட்டு வாசலுக்கும் போகாமல் இருந்ததில்லை. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். அதை எடுத்துக்கொள்ள எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.