பாவு இழுக்கும் மைதானம்

மைதானத்தில் வரப்போகும் பூங்காவின் வரைபடத்தைக் காட்ட நகராட்சியில் எங்கள் கடைக்காரர்களை மூன்றாவது முறையாகக் கூப்பிட்டார்கள். என் இட்லிக் கடைக்கு நிழலோடு இடம் போட்டிருந்தார்கள். ஆனால் நெசவாளர்கள் காலையில் தறியில் ஏற்றும் பட்டு நூலைப் பாவாக நீளமாக இழுத்துக் கட்டும் இடத்தில் புல்தரையும் தறிச் சிலையும் வரைந்திருந்தார்கள். அந்த நெசவாளர்கள்தான் என்னிடம் சாப்பிடுகிறவர்கள்.

“பாவு இழுக்க அவங்க எங்க போவாங்க சார்?” என்றேன்.

“ஆரணி நெசவுக்குப் பெருமையாத்தாம்மா சிலையே வைக்கிறோம்,” என்றார் அதிகாரி.

“சிலை இட்லி துன்னுமா சார்?”

பக்கத்திலிருந்த பூக்காரி, “சிலைக்கு மாலை வித்தா எனக்கு வியாபாரமாச்சும் ஆவும், உட்டுடேன்,” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அதிகாரி மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். போன முறையும் அதையேதான் சொன்னார்.

மறுநாள் காலை பாவு கட்டிவிட்டு வந்த நெசவாளர், “இடம் இன்னாச்சுக்கா?” என்று கேட்டார்.

“பேசிகினு கீறாங்க. நீ துன்னுப்பா,” என்று தட்டில் நான்கு இட்லி வைத்தேன்.