டார்லீன் கேட்காத மன்னிப்பு

ஒஹையோ மாநிலத்தில் டார்லீன் ருபிக்கின் விரல் படாமல் ஒருவரும் டாக்டரானதில்லை. சரி, கொஞ்சம் ஊதிப் பெருக்கித்தான் சொல்கிறேன். யங்ஸ்டவுனில் ஒரே ஒரு கல்லூரி, அதில் ஒரே ஒரு மருத்துவப் படிப்பு: பட்டமும் மருத்துவமும் சேர்ந்து ஏழு வருடம். அதற்கு வரும் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் மேசைதான் அவளுடையது. ஆனால் அந்த மேசைக்கு அவள் சம்பளத்துக்காக வரவில்லை, பழி தீர்க்க வந்தாள்.

மற்றப் படிப்புகளெல்லாம் நுழைவுத் தேர்வே வேண்டாம் என்று சொன்ன பிறகும் இந்தப் படிப்பு எஸ்.ஏ.டி. தேர்வை விடவில்லை. கணக்கும் வாசிப்பும் சேர்ந்து ஆயிரத்து நானூற்றைம்பது வேண்டும், அதுவும் ஒரே நாளில் எழுதியதாக. கல்லூரியின் மற்றத் துறைகள் இரண்டு தடவை எழுதியதில் சிறந்ததைப் பொறுக்கிச் சேர்த்துக்கொள்ளும். இங்கே அது செல்லாது.

இருபத்தோரு வருடத்துக்கு முன் டார்லீனின் மகள் மார்ஸி, மார்ச்சில் கணக்கிலும் ஜூனில் வாசிப்பிலும் வெளுத்து வாங்கினாள். "ரெண்டையும் சேத்துக்குவாங்களாம்மா, பிரிட்சர்ட் சார் சொன்னாரு" என்றாள். பிரிட்சர்ட், அவள் பள்ளியில் மேற்படிப்பு ஆலோசகர். இதே படிப்புக்குப் போட்ட விண்ணப்பம், ஒரே நாள் மதிப்பெண் இல்லை என்ற ஒரே வரியோடு திரும்பி வந்தது. டாக்டராக வேண்டிய பெண் இன்று நாய்களுக்கு முடி வெட்டுகிறாள். டார்லீன் அந்த மனிதரிடம் சண்டைக்குப் போகவில்லை. வாயை மூடிக்கொண்டு, விண்ணப்பம் பார்க்கும் கல்லூரி அலுவலகத்தில் வேலை காலியாகும்வரை காத்திருந்தாள்.

இரண்டு நாள் மதிப்பெண்ணோடு எந்தப் பிள்ளை விண்ணப்பித்தாலும் அவளே போனில் கூப்பிடுவாள். "கண்ணு, அக்டோபர்ல இன்னொரு தடவ எழுதிரு, அதுதான் கடைசி, எல்லாம் ஒரே நாள்ல வரணும்" என்பாள். அப்படிக் கரையேறிய பிள்ளைகள் நிறைய.

இந்த ஆகஸ்டில் ஹேலி பிரிட்சர்டின் கோப்பு வந்தது. மார்ச்சில் கணக்கு, ஜூனில் வாசிப்பு. டார்லீன் போனைத் தொடவில்லை.

மறுவாரம் போன் தானாகவே அடித்தது. கிழட்டுக் குரல்.

"மேடம், நான் ஹேலியோட தாத்தா பிரிட்சர்ட், ஸ்கூல்ல ஆலோசகரா இருந்தவன். எங்க காலத்துல ஒரே நாள் மார்க்கத்தான் எடுப்பாங்க. இப்ப மாறிடுச்சுன்னு பேத்தி அடிச்சுச் சொல்றா. நெசமா?"

இப்போது கேட்கிறாயா, என் பிள்ளைக்குக் கேட்டாயா என்று அவள் நெஞ்சு கொதித்தது. குரலில் தேன்தான் வழிந்தது.

"எங்க காலேஜ் ரெண்டையும் சேத்துக்கும் சார். பேத்தி சொல்றது சரிதான்."

காலேஜ் சேர்த்துக்கொள்ளும், இந்தப் படிப்பு சேர்த்துக்கொள்ளாது. பொய் சொன்னதாக யாரும் அவளைப் பிடிக்க முடியாது.

"ரொம்ப நன்றிங்க. மகராசியா இருங்க."

அக்டோபர் தேர்வுக்குப் பதிவு முடிந்த மறுநாள், டார்லீன் முட்டைக்கோஸ் நூடுல்ஸில் வெண்ணெயைத் தாராளமாகப் போட்டு மகளைச் சாப்பிடக் கூப்பிட்டாள். நடந்ததைக் கிழவரின் குரலிலேயே நடித்துக் காட்டினாள்.

"மகராசியா இருக்கணுமாம்டி நான்! கிழவன் இனிமே தலையால தண்ணி குடிச்சாலும் அவன் பேத்தி உள்ள நொழைய முடியாது. ஒனக்குச் செஞ்சத அப்படியே திருப்பிக் குடுத்துட்டேன்."

மார்ஸி முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அம்மா, பிரிட்சர்ட் சார் அன்னைக்கு என்கிட்ட அப்படிச் சொல்லவே இல்ல."

"என்னடி சொல்றே? நீதானே வந்து சொன்னே?"

"நான்தான் சொன்னேன். அவரு மூணு தடவ கூப்பிட்டு, ஒரே நாள்ல எழுதணும்னு சொல்லி, அக்டோபர் ஃபாரத்தையும் கையில குடுத்தாரு. டாக்டராகணும்னு நீதாம்மா ஆசப்பட்டே. நான் அந்த ஃபாரத்தக் கிழிச்சுப் போட்டுட்டேன்."