சுற்றிப் பறக்க ஓர் இடம்

தி.நகரில், ரங்கநாதன் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் ஷண்முகப்ரியா குடும்பத்தின் ஜவுளிக் கடை இருக்கிறது. தென்காசிப் பக்கமிருந்து வந்த மாமனார் போட்ட கடை. கொள்முதலை அவள் கணவர் ராம்குமார் பார்க்கிறார். மாடியில் சேலைப் பிரிவு அவள் பொறுப்பு. பல வருஷம் அங்கே உட்கார்ந்ததில் அவளுக்கு ஒரு சந்தேகக் கண் வந்துவிட்டது. வாங்க வந்தவர் யார், சுருட்ட வந்தவர் யார் என்று படியேறும்போதே எடை போட்டுவிடுவாள். சில சமயம் தப்பும். அப்போது யாராவது ஓர் அப்பாவி பையைத் திறந்து காட்டிவிட்டு முகம் சிறுத்து இறங்கிப் போவார். அதற்காக அவள் இரண்டு நாள் வருந்துவாள். மூன்றாம் நாள் மறுபடி அதே கண்.

கல்லூரியில் அவள் என்.சி.சி.யின் விமானப் பிரிவில் இருந்தாள். அங்கேதான் கம்பியில் கட்டிப் பறக்கவிடும் மாடல் விமானம் அவளுக்கு அறிமுகம். ரிமோட் கிடையாது. விமானத்தின் இறக்கையிலிருந்து இரண்டு மெல்லிய ஸ்டீல் கம்பிகள் வந்து கையிலுள்ள பிடியில் சேரும். நடுவில் நின்று நாமும் சுற்ற, விமானம் நம்மைச் சுற்றிப் பறக்கும். மணிக்கட்டை மேலே சாய்த்தால் ஏறும், கீழே சாய்த்தால் இறங்கும். இழுவை தோள் வரை தெரியும். கல்யாணத்துக்குப் பிறகு அதைப் பற்றி யாரிடமும் பேச வாய்ப்பு வரவில்லை.

மகள் கீர்த்தி கோயம்புத்தூரில் ஹாஸ்டலுக்குப் போன வருஷம், காலியான ஒரு ஞாயிற்றுக்கிழமை, போனில் யாரோ அப்படி விமானம் விடுவதைப் பார்த்தாள். அன்றிலிருந்து தேட ஆரம்பித்தாள்.

மயிலாப்பூரில் பொம்மைக் கார்களும் ட்ரோன்களும் விற்கும் கடைக்காரர், "கம்பியா? இப்ப எல்லாம் ரிமோட்தான் மேடம். எதுக்குக் கேக்கறீங்க?" என்று அவளை ஏற இறங்கப் பார்த்தார். அடையாறில் ஒரு பள்ளி மைதானத்தைக் கேட்கப் போனபோது விளையாட்டு ஆசிரியர், போலீஸ் அனுமதி இருக்கிறதா என்றார். பெசன்ட் நகர் கடற்கரையில் ரோந்து வந்த காவலர், "பறக்கறது எதுவா இருந்தாலும் இங்க வேணாம்மா" என்று அதோடு முடித்துக்கொண்டார். ஃபேஸ்புக்கில் ஒரு குழுவில் கேட்டுவைத்தாள். ஒருவர் ட்ரோன் வகுப்புக்கு அழைத்தார். இன்னொருவர் அவள் போட்டோவைக் கேட்டார். மூன்றாவதாக ஒரு பதில். போட்டவரின் படத்தில் முகம் இல்லை, ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது. ஒரு போன் நம்பர் மட்டும்.

கூப்பிட்டாள்.

"யார் குடுத்தா இந்த நம்பர?" என்றது ஓர் ஆண் குரல்.

"நீங்கதானே போட்டிருந்தீங்க."

"எங்க வேல பாக்கற? போலீஸ் டிபார்ட்மென்ட்டா?"

"ஜவுளிக் கடைங்க."

"ஜவுளிக் கடைல இருந்துக்கினு ஏரோப்ளேன் எதுக்கு?"

அவளுக்குச் சுருக்கென்றது. "உங்க பேரைச் சொல்லுங்க முதல்ல" என்றாள்.

"டில்லிபாபு" என்று வந்தது. அது உண்மைப் பெயர்தானா என்று அவளுக்கு நம்பிக்கையில்லை. உங்கள் கிளப்பில் எத்தனை பேர் என்று கேட்டாள். "கிளப்பும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. நான் ஒருத்தன்தான்" என்றார். முதலில் ஞாயிறு காலை கிண்டிக்கு வரச் சொன்னார். பிறகு வேண்டாம், தரமணி என்றார். சனிக்கிழமை மறுபடி கூப்பிட்டு, பெருங்குடியில் மூடிக் கிடக்கும் ஒரு கம்பெனியின் லாரி யார்டு என்றார்.

"இடத்தை மாத்திக்கிட்டே இருக்கறவன் நல்லவனா பிரியா?" என்றார் ராம்குமார்.

"நல்லவன்னு நான் சொல்லலையே. ஆனா போய்ப் பாக்கணும். நான் போற இடம் உங்க போன்ல தெரியும். நீங்க கூப்பிட்டு நான் எடுக்கலைன்னா சும்மா இருக்காதீங்க."

ஞாயிறன்று அவருக்குக் காஞ்சிபுரம் போக வேண்டியிருந்தது. அதனால் துணைக்குக் கடையின் ட்ரையல் ரூம் பக்கம் நிற்கும் ஹாஜிரா பீயை அழைத்துக்கொண்டாள். ஐம்பதைத் தாண்டியவர். சந்தேகப்படுவதில் முதலாளியம்மாவுக்கு ஒரு படி மேல்.

ஞாயிறு காலை யார்டின் இரும்பு கேட் பாதி திறந்திருந்தது. வாட்ச்மேன் நாற்காலி காலி. உள்ளே பைக் பக்கத்தில் ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றார். பின் சீட்டில் கோணியில் சுற்றிய ஏதோ ஒன்று.

"அந்தச் சாக்குல இன்னாம்மா கீது? நீட்டமா?" என்று ஹாஜிரா பீ அவள் கையைப் பிடித்தார்.

"ரெண்டு பேரு வந்துகிறீங்க?" என்றார் ஹெல்மெட்காரர்.

"தனியா வருவேன்னு நான் சொல்லவே இல்லையே. ஹெல்மெட்டைக் கழட்டிட்டுப் பேசுங்க."

"மொதல்ல நீ போனைப் பையில போடு. படம் கிடம் எடுத்தா நான் கெளம்பிக்கினே இருப்பேன்."

அவள் போனைப் பைக்குள் போட்டு ஹாஜிரா பீயிடம் கொடுத்தாள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். முன்தலை வழுக்கை, நரைத்த மீசை, தூக்கம் கெட்ட கண்கள். கோணியைப் பிரித்தபோது சிவப்பு இறக்கை வெளியே வந்தது. எஞ்சினிலிருந்து வந்த ஈதரும் விளக்கெண்ணெயும் கலந்த வாடை மூக்கில் பட்டதும் ஷண்முகப்ரியாவுக்குக் கல்லூரி மைதானம் கண்ணில் வந்து நின்றது. அதைக் காட்டிக்கொள்ளாமல் பிடியை வாங்கி, கம்பிகளைக் கை நீளத்துக்கு இழுத்துப் பார்த்தாள். அவள் இழுப்பதையே டில்லிபாபு பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விமானத்தைத் தூக்கிக்கொண்டு வட்டத்தின் ஓரத்துக்கு நடந்தார்.

மூக்கிலிருந்த விசிறியை விரலால் அடித்த நாலைந்தாவது அடியில் எஞ்சின் பிடித்தது. யார்டு முழுக்க அலறல். அவர் கையை விட்டார். விமானம் தரையில் ஓடி எழும்பியது.

முதல் சுற்றில் தலை கிறுகிறுத்தது. விமானத்தை மட்டும் பார், பின்னால் ஓடும் சுவரைப் பார்க்காதே என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. பார்வை நிலைத்தது. கம்பி கையை இழுத்தது. அவள் சிரித்துவிட்டாள். அது யாருக்கும் கேட்டிருக்காது.

ஹாஜிரா பீயின் தோளில் தொங்கிய பையில் போன் அடித்துக்கொண்டே இருந்ததும் யாருக்கும் கேட்கவில்லை.

இரண்டு போலீஸ்காரர்கள் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இளையவர் நேரே வட்டத்துக்குள் இறங்கப் போனார். அவர் மார்பு உயரத்தில் விமானம் சுற்றி வந்துகொண்டிருந்தது. அதற்கும் அவள் கைக்கும் நடுவில் கண்ணுக்கே தெரியாத கம்பி.

"சார், போகாதே சார்! கம்பி கழுத்த அறுத்துரும்!" என்று ஹாஜிரா பீ ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "குந்து சார், குந்து!" என்று டில்லிபாபு கத்தினார். காவலர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஷண்முகப்ரியா மணிக்கட்டைச் சாய்த்து விமானத்தை மேலே ஏற்றினாள்.

எஞ்சினை நிறுத்த வழியில்லை. டேங்க் காலியாகும்வரை அது ஓடும். ஒருவர் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நின்றிருக்க, எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருக்க, அவள் சுற்றிக்கொண்டே இருந்தாள். கடைசியில் சத்தம் திணறி நின்றது. விமானம் சறுக்கி இறங்கி, குலுங்கி, ஓய்ந்தது.

"மேடம், உங்களை யாரோ கூட்டிக்கினு போய் அடைச்சி வெச்சிருக்காங்கன்னு கம்ப்ளைன்ட்" என்றார் மூத்த காவலர்.

"யாரு குடுத்தாங்க?"

"உங்க வூட்டுக்காரரு."

டில்லிபாபு அவள் முகத்தைப் பார்க்காமல் கையிலிருந்த பிடியை வாங்கிக்கொண்டார். காவலர் கேட்டதற்குப் பெயர், சைதாப்பேட்டையில் மோட்டார் ரீவைண்டிங் கடை, தெரு எல்லாம் சொன்னார். ஷண்முகப்ரியா நடந்ததை இரண்டு முறை விளக்கினாள். கடைசியில் அவர்கள், இனி இங்கே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"இது ரெண்டாவது தபா" என்றார் டில்லிபாபு, கம்பியைச் சுற்றியபடி. "போன வருசம் ஒர்த்தன் வந்தான். நல்லாத்தான் பேசனான். வீடியோ புடிச்சி ட்ரோன் கும்பல்னு போட்டுட்டான். ஸ்டேஷன்ல வெச்ச ப்ளேனு ஒடஞ்சி வந்துச்சி. நீ போலீஸையே இட்டாந்துட்ட."

"நான் வேணும்னு பண்ணலைங்க."

"அவனும் அப்டித்தான் சொன்னான்."

மறுநாள் யார்டு கேட்டில் புதுப் பூட்டு. அவள் நம்பரை அவர் பிளாக் செய்திருந்தார்.

வீட்டில் சண்டை போடக்கூட வழியில்லை. "நீதானே சும்மா இருக்காதீங்கன்னு சொன்னே" என்றார் ராம்குமார். அது உண்மை. பல நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. சேலைப் பிரிவில் யார் பையையும் திறக்கச் சொல்லவுமில்லை.

வடபழனியில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேனேஜர், தாம்பூலத்துக்கு ரவிக்கைத் துணி மொத்தமாக எடுக்க அவர்கள் கடைக்கு வருவார். ஆனி முடியும் சமயம் வந்தவர், ஆடியில் முகூர்த்தம் இல்லை, மண்டபம் ஈயோட்டும் என்று அலுத்துக்கொண்டார்.

"அப்ப காரு நிறுத்தற இடமும் காலியாத்தானே கிடக்கும்?" என்றாள் அவள்.

அவர் அவளைப் பார்த்த பார்வை அவளுக்கு ரொம்பப் பழக்கமானது. "எதுக்கும்மா கேக்கறீங்க? கட்சிக் கூட்டமா?" விஷயத்தைச் சொல்லிப் புரியவைக்கச் சில நாள் ஆனது. மண்டபத்து ஓனரிடம் ராம்குமாரே போய்ப் பேசினார். பறக்கும்போது மேனேஜர் கூட நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதம் கிடைத்தது.

அடுத்து சைதாப்பேட்டை. கணவனும் மனைவியும் போய் ரீவைண்டிங் கடையைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். டில்லிபாபு செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார்.

"இங்கயும் வந்துட்டியா?"

"தப்பு என்னுது சார்" என்றார் ராம்குமார். "இவ போனை எடுக்கலை. நான் பயந்துட்டேன்."

டில்லிபாபு நிமிரவில்லை. ஷண்முகப்ரியா மண்டபத்தின் பெயரையும், ஆடி முதல் ஞாயிறு காலை என்பதையும் சொன்னாள். அவர் கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். திரும்பிவிட்டார்கள்.

அந்த ஞாயிறு, காற்று கிளம்புமுன் அவர் வந்தார். கையில் கோணி இல்லை. வணக்கமும் இல்லை. காம்பவுண்டு சுவரை ஒட்டி ஒரு சுற்று நடந்தார். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். மொட்டை மாடியை அண்ணாந்து பார்த்தார்.

"அந்தக் கேமரா ஓடுதா?"

"அது ரிப்பேரு சார்" என்றார் மேனேஜர்.

டில்லிபாபு கேமராவுக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போனை எடுத்து, "வாங்க" என்று ஒரே வார்த்தை சொன்னார்.

தெருமுனையில் நின்றிருந்த ஆட்டோ உள்ளே வந்தது. அதிலிருந்து ஒரு பெண்மணியும், காலை இழுத்து நடக்கும் ஓர் ஆளும் நீளமான அட்டைப் பெட்டிகளோடு இறங்கினார்கள். ஷீலா, வெங்கடேஷ் என்று அவர்களே பெயர் சொன்னார்கள்.

"ஒருத்தர்தான்னு சொன்னீங்களே?" என்றாள் ஷண்முகப்ரியா.

"உன்கிட்ட சொன்னேன்" என்றார் டில்லிபாபு. "மூணு பேரு. அவ்ளோதான் கிளப்பு."

அவளை அவர் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவளும் கேட்கவில்லை. ஷீலா பெட்டியைத் திறந்து, "நீங்க மொதல்ல விடறீங்களா?" என்று பிடியை நீட்டினாள். கூட வந்திருந்த ஹாஜிரா பீ மேனேஜரைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் சுவரோரமாக நிறுத்தினார். வெங்கடேஷ் விசிறியை அடித்து எஞ்சினைக் கிளப்பினார்.

விமானம் எழும்பிச் சுற்ற ஆரம்பித்தது. டில்லிபாபு அதைப் பார்க்கவில்லை. அன்று காலை முழுக்க அவர் கேட்டருகே நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.