வீட்டின் மூக்கைப் பொத்தியவன்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபத்திரண்டு வருடமாக எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவன் நான். விளக்குத் திரி எண்ணெயை எப்படி மேலே இழுக்கிறது என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டியே சட்டையெல்லாம் சாக்பீஸ் தூளானவன். அதே மகா புத்திசாலிதான், தன் வீட்டுச் சுவரையே ஒரு பெரிய திரியாக மாற்றிவிட்டு, அது ஏன் நனைகிறது என்று புரியாமல், வீட்டை இடிக்க ஆள் கூட்டி வந்தான். இது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன்பு, தை மாதத்து ஒரு சனிக்கிழமை காலையில், மதுரை கீழவாசலுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்தில்.

வீடு எங்கள் கொள்ளுத்தாத்தா கட்டியது. இரண்டடிக் கனத்தில் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய செங்கல் சுவர், நடுவில் முற்றம், கூடத்துக்கு மேலே தேக்கு உத்தரங்கள். எனக்கும் என் அக்காவுக்கும் பொதுவான வீடு. அக்கா ஓய்வு பெற்ற நர்ஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முன்னறையில் ஒரு கட்டில், ஒரு பீரோ, சுவரில் ஒரு மாதா படம். அதுதான் அவள் ராஜ்ஜியம்.

என் திருப்பணி, அதற்கு நாலு வருடம் முன்னால் ஒரு கோடை விடுமுறையில் தொடங்கியது. கூடத்துச் சுவரில் கணுக்கால் உயரத்துக்குச் சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டிருந்தது. பெருக்கினால் ஒரு முறம் வரும், அவ்வளவுதான். கொத்தனாரைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் செல்போனில் நாலு வீடியோ பார்த்தவனுக்குக் கொத்தனார் எதற்கு? நானே சிமெண்டு வாங்கினேன், நானே குழைத்தேன், முழங்கால் உயரத்துக்கு நானே பூசினேன். மேலே பளபளவென்று எனாமல் பெயிண்ட். அதோடு விட்டேனா? முற்றத்துக் கல்தளத்தின் மேல் வழவழ டைல்ஸும் ஒட்டினேன். வந்தவர்களிடமெல்லாம் சுவரைத் தட்டிக் காட்டினேன்.

அடுத்த மழையில் ஈரம் முழங்காலைத் தாண்டி இடுப்புக்கு வந்தது. நான் இடுப்பு வரை சிமெண்டு பூசினேன். அதற்கடுத்த மழையில் நெஞ்சு உயரத்துக்கு வந்தது. நானும் நெஞ்சு வரை பூசினேன். இப்படி ஈரமும் நானும் போட்டி போட்டுக்கொண்டு ஏறினோம். கடைசியில் நான் ஏணி மேல் நின்று, உத்தரத்துக்கு ஒரு சாண் கீழே பூசிக்கொண்டிருந்தேன். ஈரம் எனக்கு மேலே இருந்தது. கூடத்துக்குள் நுழைந்தால் கிணற்றுக்குள் இறங்கியது போல ஒரு வாடை.

"வீடு முடிஞ்சு போச்சு" என்று நான் தீர்ப்பு எழுதினேன். அந்த நேரம் பார்த்துக் காளவாசல் பக்கம் அலுவலகம் வைத்திருந்த ஒரு பில்டர் வந்தார். எங்கள் சந்தில் ஏற்கெனவே இரண்டு பழைய வீடுகள் லாட்ஜாக மாறியிருந்தன. "உங்களுக்கு நாலு மாடி சார், லிப்டோட" என்றார். லிப்ட் என்ற வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். ஆட்டோ உள்ளே வந்தால் ரிவர்ஸில்தான் வெளியே போக முடியும், அந்தச் சந்தில் லிப்ட்!

அக்கா ஒன்றுதான் கேட்டாள். "எனக்கு எதுக்குடா லிப்ட்டு? நான் எங்க போகப் போறேன்?"

கட்டி முடிக்கும் வரை அவளுக்கு வில்லாபுரத்தில் ஒரு மாடி வீடு பார்த்திருந்தேன். அதை அவளிடம் சொன்னேன். அன்றிலிருந்து என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். எல்லாம் என் மனைவி வழியாகத்தான். "அந்த வாத்தியார்ட்ட சொல்லு, சாம்பார் ஆறுது." பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். நாலு மாதம் இப்படி ஓடியது. ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்தபோது முன்னறைச் சுவரில் மாதா படம் இல்லை. அட்டைப் பெட்டிக்குள் துணி சுற்றி வைத்திருந்தாள். அறுபத்து மூன்று வயதுக்காரி ஒருத்தி சத்தமே போடாமல் மூட்டை கட்டுவதைப் பார்க்க எனக்கு என்னவோ போல்தான் இருந்தது. ஆனாலும் லிப்ட் கண்ணை மறைத்தது.

திங்கட்கிழமை பில்டரிடம் கையெழுத்து. அதற்கு முன் பழைய மரமும் செங்கலும் எவ்வளவு தேறும் என்று பார்க்க, சனிக்கிழமை இடிப்புக்காரம்மா வந்தார். டி. கல்லுப்பட்டிக்காரர். ஐம்பது வயது இருக்கும். ஸ்கூட்டரின் முன்னால் கால் வைக்கும் இடத்தில் குட்டையாக ஒரு கடப்பாரை, தோளில் உளியும் சுத்தியலும் போட்ட பை. பழைய வீடுகளை இடித்து, கதவு, தூண், செங்கலை விற்பது அவர் தொழில். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரிலிருந்து ஒரே ஒரு செங்கல்லை உருவிப் பார்ப்பாராம். சுண்ணாம்பில் கட்டிய செங்கல் என்றால் முழுசாக வரும், விலை போகும்.

என் பளபளச் சுவரில் கடப்பாரையை ஒரு போடு போட்டார். சிமெண்டு அப்பளம் மாதிரி முழுத் தகடாகப் பெயர்ந்து விழுந்தது. பின்னாலிருந்து தண்ணீர் வழிந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்தப் பூச்சு எந்தக் கொத்தனார் சார் பூசுனது?"

"அவரு... வெளியூர்க்காரர். இப்ப இந்தப் பக்கம் வாரதில்ல."

"வராம இருக்கிறதுதான் அவனுக்கு நல்லது. முப்பது வருஷமா வீட்ட இடிக்கிறேன் சார், இம்புட்டு நல்லா இடிக்கிறவன நான் பார்த்ததில்ல."

முன்னறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "அந்த வெளியூர்க்காரரு இந்தா உங்க முன்னாடி பனியனோட நிக்கிறாரு பாருங்க!"

இடிப்புக்காரம்மா சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் அவமானம். நேராகக் கூடத்தின் எதிர்ச் சுவருக்குப் போனார். என் திறமை போய்ச் சேராத சுவர் அது. ஒரு செங்கல்லை நோண்டி எடுத்துச் சுத்தியலால் தட்டினார். ணங் என்று வெண்கலம் மாதிரி சத்தம். உள்ளங்கையால் சுவரைத் தடவினார். எலும்பு மாதிரிக் காய்ந்திருந்தது.

"வீடு சாகல சார். நீங்க மூக்கப் பொத்தி வச்சிருக்கீங்க."

"என்ன சொல்றீங்க?"

"சுண்ணாம்புச் சுவரு மூச்சு விடும். தரையில இருந்து ஏறுற ஈரத்த அப்படியே வெளிய விட்டுரும். நீங்க சிமெண்ட வச்சு அடைச்சீங்க. முத்தத்துலயும் டைல்ஸப் போட்டு அடைச்சீங்க. அது பாவம், வழி தேடி மேல போயிருக்கு. நீங்களும் ஏணி போட்டுப் பின்னாடியே வெரட்டிட்டுப் போயிருக்கீங்க."

திரி! நான் கரும்பலகையில் இருபது வருடமாகப் போட்ட அம்புக்குறி அத்தனையும் ஒரே நேரத்தில் என் நெற்றியில் வந்து குத்தியது. வெட்கமா சந்தோஷமா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

"அப்ப இடிக்க வேணாமா?"

"அதெப்படி இப்பவே சொல்றது? அந்த உத்தரத்தப் பாக்கணும். மரத்தோட முனை சுவத்துக்குள்ள இருக்கு. ஈரம் அது வரைக்கும் போயி முனை மக்கிருச்சுன்னா, கூரை நிக்காது. நானே வேணாம்னாலும் இடிச்சுத்தான் ஆகணும்."

உளியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். நான் ஏணியைப் பிடிக்க ஓடினேன். அதற்குள் அக்கா முன்னறையிலிருந்து வந்துவிட்டாள்.

"நீ பிடிக்காத" என்றாள்.

நாலு மாதத்துக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை. அக்காவும் என் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள். நான் கீழே நின்று கையைப் பிசைந்தேன். லிப்டாவது மண்ணாவது. அந்த ஒரு முனை மட்டும் நன்றாக இருந்துவிட வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன்; கோயிலில்கூட நான் அப்படி வேண்டிக்கொண்டதில்லை.

உளி முதல் குத்தில் ஒரு விரல் ஆழம் சரக்கென்று இறங்கியது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"பயப்படாதீங்கக்கா, இது சாரோட சிமெண்டு" என்றார் மேலிருந்து. அதைத் தட்டி உதிர்த்துவிட்டு மரத்தில் குத்தினார். டக். இன்னொரு பக்கம் குத்தினார். டக். அடுத்த உத்தரத்துக்கு ஏணியை நகர்த்தி, அதற்கடுத்ததற்கும் நகர்த்தி, ஐந்தையும் பார்த்தார். அந்தக் கால் மணி நேரமும் நாங்கள் மூச்சு விடவில்லை.

"இரும்பு" என்றார் இறங்கி வந்து. "இன்னும் ஒரு மழைக்கு இப்படியே விட்டிருந்தா சொல்ல முடியாது."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூசியாம். பிறகு, "காபி குடிக்கிறீங்களா?" என்று அவரைக் கேட்டாள்.

குடித்துவிட்டு எழுந்தவர் கடப்பாரையை எடுத்தார். "இடிக்க வந்த வீட்டுல ஒண்ணும் இடிக்காமப் போனா எங்க தொழிலுக்கு ஆகாது சார். எதையாச்சும் காட்டுங்க."

நான் யோசிப்பதற்குள் அக்கா முற்றத்தைக் காட்டினாள். என் வழவழ டைல்ஸ் அரை மணி நேரத்தில் சுக்கல் சுக்கலாகக் கிடந்தது. அடியில் பழைய கல்தளம் எட்டிப் பார்த்தது. என் வாழ்க்கையில் நான் ஒட்டிய ஒரே டைல்ஸ் அது. உடையும் ஒவ்வொரு அடிக்கும் அக்கா முகத்தில் வெளிச்சம் ஏறியதைப் பார்த்தபோது, இன்னும் நாலு வரிசை ஒட்டியிருக்கலாமோ என்று தோன்றியது.

அன்றும் மறுநாளும் நானே உளியை எடுத்து என் சிமெண்டை உரித்தேன். பூச எடுத்துக்கொண்ட நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. சுவரிலிருந்த விளக்கு மாடத்தையும் சேர்த்து மூடிப் பூசியிருந்தேன் என்பது உரிக்கும்போதுதான் தெரிந்தது. மாடத்துக்குள் ஒரு சாவிக்கொத்து. அக்காவின் பீரோச் சாவி! அது காணாமல் போன நாளில், பிளம்பர் முதல் பூனை வரை எல்லோரையும் சந்தேகப்பட்டுப் பெரிய விசாரணையே நடத்தியவன் நான்தான். அக்கா சாவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்தவே இல்லை.

திங்கட்கிழமை காலை பில்டரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "சார், லிப்ட்டு?" என்றார் பாவமாக. எங்கள் வீட்டில் யாரும் எங்கேயும் போகவில்லை என்றேன்.

அந்தக் கோடையில் வாரா வாரம் சுவரில் ஈரம் நிற்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். மாசியில் தலைக்கு மேல், பங்குனியில் நெஞ்சு, கத்திரி வெயிலில் முழங்கால். கோடு ஒரு சாண் இறங்கினாலும் சத்தம் போட்டு எல்லோரையும் கூப்பிடுவேன். பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட நான் அப்படிக் குதித்ததில்லை. ஆடி பிறக்கும் முன் இடிப்புக்காரம்மா அனுப்பிய கொத்தனார் வந்து சுண்ணாம்பே பூசினார். என்னைக் கொத்துக்கரண்டியைக்கூடத் தொடவிடவில்லை. அக்காவின் கண்டிப்பான உத்தரவு. மாதா படம் பழைய ஆணியிலேயே ஏறியது.

இப்போது எங்கள் சந்தில் எந்தப் பழைய வீட்டில் சுவர் நனைந்தாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். முட்டாள்தனத்தில் அனுபவம் உள்ளவன் அல்லவா! நானும் உற்சாகமாகப் போய், என் கதையை முழுசாகச் சொல்லி, அவர்கள் கையிலிருக்கும் சிமெண்டு மூட்டையைக் கீழே வைக்கச் சொல்கிறேன். மூன்று வீடுகள் இடிபடாமல் நிற்கின்றன. பழைய ஊரை அழிப்பது புல்டோசர்தான் என்று நினைத்திருந்தேன். அதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே, நல்லது செய்கிறேன் என்று என்னைப் போல் ஒருவன் கரண்டியோடு வந்துவிடுகிறான் என்பது இப்போதுதான் தெரிகிறது.

போன மாதம் உற்சாகம் தாங்காமல் இடிப்புக்காரம்மாவுக்குப் போன் போட்டேன். வீடு இன்னும் நூறு வருஷம் நிற்க நான் என்ன செய்யணும், நீங்களே சொல்லுங்க என்றேன்.

"நீங்க தொடாதீங்க சார்."