கதிர் டாக்டரின் மூக்கு

அடியாள் சுத்தியல் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து ஏழு டாக்டர்களை அடித்துப் போட்டார் என்றுதான் முதலில் செய்தி கிளம்பியது. பேருந்து நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தபோது ஏழு ஒன்பதாகியிருந்தது. முடிவெட்டும் கடையில் ஒரு டாக்டருக்குக் கண்ணே போய்விட்டது. ஒரு வண்டி போலீஸ் வந்துதான் ஆளை மடக்கியதாம். விசாரித்துப் பார்த்தால், அடி விழுந்தது ஒரே ஒரு மூக்கில். போலீஸ் வரவே இல்லை. மடக்கியது ஒரு நர்ஸ், அதுவும் ஒற்றை முழங்காலால்.

சுத்தியலின் தொழில் காலி பண்ணித் தருவது. குடியிருப்பவர் வீட்டை விடமாட்டேன் என்று அடம் பிடித்தால் சொந்தக்காரர் இவரைத் தேடி வருவார். முதலில் கதவு உடையும். அடுத்து சட்டிபானை தெருவில் உருளும். அதற்கும் மசியாதவருக்கு விரல் முறியும். ஒருவனின் தாடையைப் பெயர்த்ததற்காகச் சிறைக்கும் போய்வந்தார். அதைப் பெருமையாகவெல்லாம் சொல்ல மாட்டார். கொத்தனார் தான் கட்டிய சுவரைக் காட்டுவதுபோல் தெருவில் போகிற தாடைகளைக் காட்டுவார், அவ்வளவுதான்.

இப்படி ஊரார் ரத்தத்தையே பார்த்துப் பழகியவர், கழிப்பறையில் தன் ரத்தத்தைப் பார்த்தபோது யாரிடமும் மூச்சுவிடவில்லை. மாதக்கணக்கில் மறைத்தார். துணி துவைக்கும்போது அக்காதான் கண்டுபிடித்தாள்.

"டேய், அடுத்தவன் ரத்தம்னா தெருவுக்கே தெரியும். உன்னுது மட்டும் ரகசியமா? கிளம்பு."

மலக்குடலில் புற்றுக்கட்டி. அடிப்பக்கத்தில், மலம் வெளியேறும் வாசலை ஒட்டியே உட்கார்ந்திருந்தது. அறுவை செய்கிற கத்தி டாக்டர் படம் வரைந்து காட்டினார். கட்டியோடு வாசலையும் எடுக்க வேண்டி வரலாம், அப்படி வந்தால் வயிற்றில் துளை போட்டு, மலம் சேர ஆயுசுக்கும் ஒரு பை. அதைப் பராமரிக்கச் சொல்லித்தருகிற பை சிஸ்டர், ஒன்றை எடுத்து அவர் வயிற்றில் வைத்துப் பார்த்தாள்.

"அடிதடியில இது கிழிஞ்சா?" என்றார் சுத்தியல்.

"நீங்க ஏன் அடிதடிக்குப் போறீங்க?"

"வேற எங்க போறது? என்னைக் கல்யாணத்துக்கா கூப்பிடறாங்க?"

வெளியே வந்ததும் அக்காவிடம் தீர்மானமாகச் சொன்னார். "அந்தப் பையை மாட்டிக்கிட்டுத் திரியறதுக்கு இப்படியே போய்ச் சேர்ந்துடறேன். பைன்னா நான் ஓடிடுவேன்க்கா." சொன்னால் செய்கிற ஆள்.

காத்திருக்கும் பெஞ்சில் ஒரு தையல்காரர் இருந்தார். அவருக்குக் கணையத்தில் கட்டி. "நாளைக்கு போர்டு கூடுது தம்பி. எல்லா டாக்டரும் சேர்ந்து உக்காந்து நம்ம கேஸை எடுப்பாங்க" என்றார்.

போர்டு, கேஸ். இரண்டும் சுத்தியலுக்குச் சிறையில் பழகிய சொற்கள். அங்கே போர்டு கூடினால் ஆளை நேரில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். இங்கே கூப்பிடவே இல்லையே என்று அவருக்கு உறுத்தியது. மறுநாள் கூட்டம் நடக்கும் அறையின் கதவில் காதை வைத்தார்.

முதலில் தையல்காரர் கேஸ். கட்டி ரத்தக்குழாயைப் பிடித்திருக்கிறது, உடனே கத்தி வைக்க முடியாது, மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். அடுத்து இவருடையது. கத்தி டாக்டர் ஏதோ சொல்ல, கதிர்வீச்சு கொடுக்கிற கதிர் டாக்டர் குறுக்கிட்டார்.

"அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். முதல்ல எரிப்போம். நல்லா சுருக்கிட்டு, அப்புறம் வெட்டிக்கலாம்."

"மருந்தும் சேர்த்துக் கொடுத்துடறேன்" என்றது இன்னொரு குரல்.

"எல்லாருக்கும் சம்மதம்தானே?"

எல்லாருக்கும் சம்மதம்.

எரிக்கிறது, சுருக்குப் போடுகிறது, வெட்டுகிறது, மருந்து வைக்கிறது. பூட்டிய அறைகளில் பலருடைய விஷயம் இதே சொற்களில் முடிவானதை சுத்தியல் கேட்டிருக்கிறார். தன் விஷயத்தைக் கேட்பது இப்போதுதான். கதவு சுவரில் போய் மோதியது. கதிர் டாக்டர் திரும்புவதற்குள் மூக்கெலும்பு வேர்க்கடலை ஓடுபோல் நொறுங்கியது. ரத்தம் மேசைமேல் இருந்த ஸ்கேன் படத்தில் தெறித்தது. ஒரு நாற்காலி ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே போனது. அடுத்த குத்து கத்தி டாக்டருக்கு என்று ஓங்கினார். ஆனால் மாதக்கணக்கில் ரத்தம் போன உடம்பு ஒத்துழைக்கவில்லை. கால் மடங்கி அவரே விழுந்தார். கூட்டத்தில் இருந்த பை சிஸ்டர் அவர் மணிக்கட்டின் மேல் முழங்காலை ஊன்றினாள்.

"அசைஞ்சா உடைப்பேன். அப்புறம் கட்டும் நானேதான் போடணும், எனக்கு ரெட்டை வேலை வைக்காதீங்க."

நடந்ததை விசாரித்துக்கொண்டு அக்கா வந்தாள். அவருக்கு விழுந்த அறை வராந்தா முழுக்கக் கேட்டது. "எருமை. அவர் சுருக்கச் சொன்னது கட்டியைடா. கட்டி சுருங்கினா உன் வாசலைக் காப்பாத்தலாம்னு பேசின ஒரே மனுஷன் அவர்தான்."

ஆளை வெளியே தள்ளுங்கள் என்றது நிர்வாகம். போர்டு மறுபடி கூடியது. இரண்டு மூக்குத் துளையிலும் பஞ்சு அடைத்திருந்த கதிர் டாக்டர், "கேஸ் என்னுது. அனுப்ப எனக்குச் சம்மதமில்லை" என்றார். பிறகு சுத்தியலிடம் வந்தார். "ஒரு குத்து பாக்கி இருக்கு. ஞாபகம் வெச்சுக்கோ."

சுத்தியல் கண்ணை மூடி மூக்கை நீட்டினார்.

"இப்ப வேண்டாம். உனக்கு ரத்தம் கம்மி."

கதிர்வீச்சு தொடங்கியது. தோல் வெந்தது. மாத்திரை நாக்கைப் புண்ணாக்கியது. கழிப்பறையில் சுவரைக் குத்திக்கொண்டு அலறினார். "அடிக்கிறவன் யாருன்னே தெரியாம அடி வாங்கறேண்ணே" என்று தையல்காரரிடம் புலம்பினார். "எனக்கும் அதே ஆள்தான் தம்பி" என்றார் அவர். நாளுக்கு நாள் அவர் சட்டைக்குள் காணாமல் போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் பெஞ்சில் அவர் இடம் காலியாக இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் சுத்தியல் உதைத்ததில் பெஞ்சின் கால் முறிந்தது. யாரும் திட்டவில்லை.

இவர் கட்டி சுருங்கியது. கத்தி டாக்டர் வெட்டினார். வாசல் தப்பியது. தையல் ஆறும்வரை மட்டும் பை என்றாள் சிஸ்டர். அவர் ஓடவில்லை. டாக்டரிடம் குத்துக் கடன் வைத்துவிட்டு ஓடினான் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது.

அந்தச் சமயம் பார்த்து, பழைய தாடைக்காரன் தெருமுனையில் வழிமறித்தான். சுத்தியல் வாழ்நாளில் சொல்லாததைச் சொன்னார். "வயித்துல மட்டும் வேண்டாம்." அவன் இவர் சட்டையைத் தூக்கிப் பையைப் பார்த்தான். கன்னத்தில் ஒன்று விட்டான், இரண்டு பல் சிதறியது. "தீர்ந்துச்சு போ" என்று நடந்தான். அன்று சுத்தியல் நன்றாகத் தூங்கினார்.

தீராதது மற்றொன்று. பையை எடுத்து, துளையையும் மூடியாகிவிட்டது. காலி பண்ணுகிற தொழிலையும் விட்டு, இப்போது ஒரு கிடங்கில் காவல் இருக்கிறார். ஒவ்வொரு பரிசோதனைக்கும் முகத்தைக் கழுவிக்கொண்டு போய்க் கதிர் டாக்டர் எதிரில் உட்காருகிறார். டாக்டரின் மூக்கு கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்தே நின்றுவிட்டது.

"சார், அந்தக் குத்து."

டாக்டர் ஸ்கேனிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார். "குத்திட்டா அடுத்த தடவை வருவியா?"

"சந்தேகம்தான் சார்" என்றார் சுத்தியல். பொய் சொல்ல வரவில்லை.

"படம் சுத்தமா இருக்கு. மூணு மாசம் கழிச்சு வா. அன்னிக்குப் பார்க்கலாம்."

வெளியே அக்கா எழுந்து நின்றாள். "என்னடா, அடிச்சாரா?"

"இல்லக்கா" என்றார் மூக்கைத் தடவிக்கொண்டே. "இன்னும் பாக்கி."