பழைய கண், புதுக் கண்

எங்க வீட்டுக்காரரைத் தெருவில "நாளைக்கு"ன்னுதான் கூப்பிடுவாங்க. யார் வந்து கேட்டாலும் "நாளைக்குத் தர்றேன்"னு சொல்ற மனுஷனுக்கு வேற என்ன பேர் வைப்பாங்க? சோம்பேறி இல்ல, சுத்தப் பயந்தாங்கொள்ளி. கலர் போட்டு முடிச்ச படத்தைக் கொடுக்க மனசு வராது. காதுல இன்னும் கொஞ்சம், மூக்கு நுனியில இன்னும் கொஞ்சம்னு தொட்டுக்கிட்டே இருப்பார்.

வேலை எங்க ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி. பழைய கறுப்பு வெள்ளைப் போட்டோவை ஸ்கேன் பண்ணி, வாட்டர்கலர் தாள்ல பிரிண்ட் எடுக்கிறது நான். சாதாரண இங்க்ல அடிச்சா, ஈர பிரஷ் பட்டதும் மூஞ்சி கரைஞ்சு ஓடிடும். அதனால கரித்தூள்ல செஞ்ச கார்பன் மைதான். அதையும் கொஞ்சம் வெளிறினாப்ல அடிச்சுக் காயப்போட்டாத்தான் அவர் மேல வண்ணம் தீட்ட முடியும். தாள் கனம், மெஷின் ஒவ்வொண்ணா முக்கி முனகித்தான் உள்ள வாங்கும். கல்யாணம் ஆனதிலேர்ந்து இந்த வீட்டுல நான் கேக்கிற முனகல்ல அது ஒண்ணுதான் நியாயமான முனகல்.

போன மாசம் அவருக்கு ஒரு கண்ணுல புரை எடுத்தாங்க. கட்டுப் பிரிச்சு வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கூடக் கழட்டாம நேரா மேஜைக்குப் போனார். அங்க ஒரு சின்னப் பையன் படம் முடிச்சு வச்சிருந்தது. அந்தப் பிள்ளை நாலு வயசுலயே போய்ட்டான். அவனைப் பெத்தவங்க, இப்ப தலை நரைச்ச அம்மா, இருந்த ஒரே போட்டோவைக் கொண்டுவந்து, "கண்ணை மூடறதுக்குள்ள இவனைக் கலர்ல ஒரு தடவை பார்த்துடணும்"னு கேட்டிருந்தாங்க.

"ஐயையோ! புள்ள நீலம் பாரிச்சுக் கிடக்கானே! நானா இப்படிப் போட்டேன்?"

ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், மறு கண்ணை மூடிப் பார்த்தார். ஆபரேஷன் ஆகாத பழைய கண்ணுக்கு நல்லா இருக்காம். புதுக் கண்ணுக்கு நீலமாம்.

"நீ ஏன்டி சொல்லல?"

"உங்க கண்ணுக்கு ஆன வயசுதானே என் கண்ணுக்கும் ஆச்சு? எனக்குப் புரை இல்லன்னு யார் கண்டா?"

கோபத்துல சொன்னதுதான். சொன்ன பிறகு நானும் ஒவ்வொரு கண்ணா மூடிப் படத்தைப் பார்த்தேன். புரை விழுந்த கண்ணுக்கு எல்லாம் மஞ்சளடிச்சுத் தெரியும், ஆபரேஷன் ஆன கண்ணுக்குக் கொஞ்ச நாள் எல்லாம் நீலமாத் தெரியும்னு டாக்டர் வேற சொல்லியிருந்தார். அப்ப எந்தக் கண் பொய் சொல்லுது? இத்தனை வருஷமா ஊரெல்லாம் கொடுத்த முகங்கள் என்ன கதி? அன்னைக்கு ரெண்டு பேருக்கும் சோறு இறங்கல.

இன்னொரு பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். பழைய கண்ணைப் பஞ்சு வச்சு மூடிக்கிட்டு, புதுசை மட்டும் நம்பி உட்கார்ந்தார். பையன் கன்னத்துல ரத்தம் ஓடிச்சு, உதடு சிவந்துச்சு. "இது அதிகமோ? கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிட்டானோ?"ன்னு கேட்டுக் கேட்டு என் பிராணனை வாங்கினார்.

"பெத்தவளுக்கே புள்ளையை அடையாளம் தெரியலன்னா, அதுக்கப்புறம் நான் பிரஷ்ஷைத் தொட மாட்டேன்"னார்.

வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டினா எனக்குப் பயம் கொஞ்சம் தெளியும். அன்னைக்குத் தெளியல. இவரை விட்டா இந்த ஜென்மத்துல கொடுக்க மாட்டார்னு நானே அந்த அம்மாவுக்குப் போன் பண்ணி வரச் சொல்லிட்டேன்.

அவங்க வாசல்ல வந்ததுமே இவர் உள் ரூம் கதவுக்குப் பின்னாடி போய் நின்னுக்கிட்டார். நான் ரெண்டு படத்தையும் மேஜை மேல வச்சு, உள்ளதை உள்ளபடி சொன்னேன். "அவருக்கு ஒவ்வொரு கண்ணுக்கும் ஒவ்வொரு மாதிரி தெரியுதும்மா. எது சரின்னு நீங்கதான் சொல்லணும்."

நீலம் பாரிச்ச முதல் படத்தைப் பார்த்ததும் அவங்க வாயைப் பொத்திக்கிட்டாங்க.

"இவன்தான். பொறக்கும்போதே நெஞ்சுல ஓட்டை. உதடு, நகம் எல்லாம் இப்படி நீலமாத்தான் இருக்கும். நான் சொல்லவே இல்லியே, எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?"

கதவுக்குப் பின்னாடி பெருமூச்சு கேட்டுச்சு. எனக்கும் போன உசிர் திரும்பி வந்துச்சு. அந்தப் படத்தை உறையில போட்டுட்டு, மத்ததை உள்ள வைக்க எடுத்தேன். அந்த அம்மா என் கையைப் பிடிச்சாங்க. பிடிச்ச பிடி வலிச்சுது.

"இவனை உள்ள வைக்காதேம்மா. ஆபரேஷன் ஆனா உதடு சிவந்துடும், மத்தப் புள்ளைங்க மாதிரி ஆயிடுவான்னு டாக்டர் சொன்னார். அதுக்குள்ள போய்ட்டான். எப்படி இருந்திருப்பான், எப்படி இருந்திருப்பான்னு நெனச்சுக்கிட்டே கிடப்பேன். இப்பத்தான்மா பாக்கறேன்."